றஜீனா கேட்ட படம்

மிச்சம் என்ற ஆங்கிலேய ஊரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை பார்த்த காலம் முழுக்க றஜீனா வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. கிறிஸ்மசுக்கு லீவுகூடக் கேட்காத மனுஷி. ஓய்வு பெறும்போது என்ன பரிசு வேண்டுமென்று மனேஜர் விசாரித்ததும் அவள் சட்டென்று சலவை அறைச் சுவரைக் காட்டியது எல்லோருக்கும் ஆச்சரியம். அங்கே ஒரு கோட்டைப் படம் தொங்கியது. கோட்டை என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். கூரை போய், சுவரில் மரம் முளைத்து, பாதிக் கோபுரம்தான் நின்றது. இருநூறு வருஷத்துக்கு முன் கல்லில் வரைந்து அச்சடித்ததாம். இடிந்த இடங்களைத் தேடிப்போய் வரைவதில் அந்தக் காலத்து வெள்ளைக்காரருக்கு அப்படியொரு பித்து.

வீட்டுக்கு வந்த படத்தைக் கண்டதும் அவள் புருஷன் லெஸ்லிக்கு முகம் கறுத்துவிட்டது. அவர்கள் புது வீட்டுக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான். ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்து வீட்டை ஆசீர்வதிக்க இருந்தார். இந்த நேரத்தில் இடிந்த வீட்டைச் சுவரில் மாட்டினால் குடும்பம் உருப்படாது என்று சொல்லி, லெஸ்லி அதைக் கராஜில் கொண்டுபோய் வைத்தார். பிடிவாதமில்லை, பயம். யாழ்ப்பாணத்தில் ஆசையாகக் கட்டிய வீட்டின் கூரை ஷெல் விழுந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர். அது றஜீனாவுக்கும் தெரியும். ஆனாலும் இந்த முறை அவளுக்கு மனம் கேட்கவில்லை.

ஞாயிறு காலை, திருஇருதயப் படத்துக்கு எதிர்ச் சுவரில் கோட்டை தொங்கியது. ஆணியையும் அவளே அடித்திருந்தாள். லெஸ்லி கழற்றப் போனார்.

"கழட்டுறதெண்டால் கழட்டுங்கோ. அதுக்கு முதல் இந்தக் கீழ் மூலையை ஒருக்கால் பாருங்கோ."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். இடிந்த வாசலுக்குள் துணி காயப்போடும் கொடி கட்டியிருந்தது. அதில் நாலைந்து துணிகள். பக்கத்தில் இடுப்பில் கூடையோடு ஒருத்தி நின்றாள். சுவர் ஓட்டையால் அடுப்புப் புகை போனது.

"வேலையில களைச்சால் இவளைத்தான் பாக்கிறனான்" என்றாள் றஜீனா. "இந்த இடிஞ்சதுக்குள்ளயும் தோய்ச்சுக் காயப்போட்டிருக்கிறாள்."

அதற்குள் ஃபாதர் வந்துவிட்டார். செபம் சொல்லி, குசினி, அறைகள், மாடிப்படி என்று ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளித்து வந்தவர், அந்தப் படத்தைத் தாண்டி நடந்தார். லெஸ்லி மெல்ல அவர் கையைத் தொட்டார்.

"அதுக்கும் கொஞ்சம் தெளியுங்கோ ஃபாதர். அங்கையும் ஆக்கள் குடியிருக்கினம்."