ரோஸ் சல்லாத் தாவணி

சல்லா என்றால் கண்ணாடி மாதிரி மெல்லிய துணி. பின்னால் கையை வைத்தால் விரல் தெரியும். ஊருக்கு அவ்வளவுதான் அர்த்தம். எங்கள் விளாங்குடி வீட்டில் அது அம்மா திட்டும் வார்த்தையாக இருந்தது.

அக்கா காலேஜில் சேர்ந்த வருஷம் ரோஸ் கலரில் ஒரு சல்லாத் தாவணி கேட்டாள்.

"எதுக்குடி? அம்புட்டும் வெளிய தெரியணுமா? நாலு பேரு காறித் துப்பவா?" என்றாள் அம்மா.

அந்தக் கோபத்தில் அக்கா அம்மாவோடு பேச்சை நிறுத்தினாள். பேசாமல் இருக்கும்போதே மஞ்சள் காமாலை கண்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை. கடைசிவரை அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமலே போய்விட்டாள், பிடிவாதக்காரி.

கல்யாணமாகாமல் செத்த பெண், எங்கள் பக்கத்தில் வீட்டுக்குக் கன்னிச்சாமி. அவளுக்கென்று புதுத்துணி எடுத்து, ஓலைப்பெட்டியில் வைத்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். வருஷா வருஷம் பொங்கலுக்கு மறுநாள் பெட்டியை இறக்கி வேறு துணி வைக்க வேண்டும். பழையதை அந்த வீட்டுப் பெண்பிள்ளை கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் மிச்சமிருந்தது நான்தான்.

முதல் துணி எடுக்க விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம்.

"சல்லாத் தாவணி எடுங்க பாய். ரோஸ்ல," என்றாள் அம்மா. அந்த வார்த்தையை அவள் திட்டாமல் சொன்னது அன்றைக்குத்தான்.

அப்பா தமிழ் வாத்தியார். அழுகை வந்தால் அவருக்கு இலக்கணம் வந்துவிடும். "சல்லடைங்கிறோம்ல பாய், கண்ணு கண்ணா இருக்குமே, அதுலருந்து வந்த சொல்லாத்தான் இருக்கணும்," என்று ஆரம்பித்தார்.

"அட போங்க வாத்தியாரே, அது எங்க உருது," என்றார் கடைக்காரர்.

இருவரும் துணியை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வழக்காடினார்கள். துணிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் முகம் ரோஸாகத் தெரிந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. எந்தப் பாஷையிலிருந்து வந்தால் என்ன? எங்கள் வீட்டுக்கு அது அக்கா வாயிலிருந்து வந்தது.

அந்த வருஷம் முழுக்க எனக்குச் சரியான தூக்கம் இல்லை. ஃபேன் போட்டால் உத்தரத்துப் பெட்டி லேசாகத் திரும்பும். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

"உங்கக்காதானடி, என்ன செஞ்சிருவா?" என்பாள் அம்மா. அவளோ பெட்டிக்கு நேர் கீழேதான் படுப்பாள்.

மறுவருஷம் பெட்டியை இறக்கினார்கள். சாம்பிராணி வாடை ஏறிய அந்தத் தாவணியைக் கட்டிக்கொண்டு நின்றேன். உடம்பெல்லாம் கூசியது. அம்மா சூடம் காட்டிவிட்டு என் காலடியில் உட்கார்ந்து, தாவணித் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கேட்டதத்தான தாயி எடுத்து வச்சேன்? இன்னுமா கோவம்? ஒத்த வார்த்த பேசு தாயி."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு இலக்கணம்கூட வரவில்லை. எனக்கு மனசு தாங்கவில்லை. யார் குரலிலாவது அம்மாவுக்கு ஒரு பதில் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

"கோவமெல்லாம் இல்லம்மா," என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்னைய யாருடி கேட்டா?" என்றாள். "அவகிட்டப் பேசிக்கிட்டிருக்கேன்ல, குறுக்க வராத."