‘இன்’னுக்கு அடுத்த எழுத்து

தகவல் கோட்பாடு என்ற பாடத்துக்கு நாங்கள் மூன்று பேர் ஒரு குழு. எனக்கு சேலையூர். லேப்டாப் வைத்திருந்த நண்பனுக்கு சிட்லபாக்கம். மூன்றாவது என் தோழி. அஸ்தினாபுரத்தில் ஒரு சந்தில் அவள் வீடு. கணக்கில் எங்கள் இருவரையும்விட வேகம். ஆனால் வகுப்பில் வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் பின் பெஞ்சிலிருந்து யாராவது ‘இருக்கிறது’ என்பதற்கு ‘கீது’ என்று அவளைப் போலவே சொல்லிச் சிரிப்பார்கள்.

செமஸ்டர் முடிவில் ஒவ்வொரு குழுவும் ஒரு போஸ்டர் வைக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் ஒரு சோதனை இருந்தது. ஒரு வாக்கியத்தை எழுத்து எழுத்தாகக் காட்டி, அடுத்த எழுத்து என்ன என்று ஆட்களைக் கேட்க வேண்டும். சட்டென்று ஊகித்துவிட்டால் அந்த எழுத்தில் தகவல் குறைவு, திணறினால் அதிகம். ஆங்கிலத்துக்கான விடை புத்தகத்திலேயே இருக்கிறது, எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்றான் நண்பன். தமிழில் செய்யலாம் என்றேன் நான். தன் தெருவில் பேசுவதையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று தோழி தயங்கிக் கேட்டாள்.

பேராசிரியரிடம் காட்டப் போனோம். அவள் எழுதியிருந்த மாதிரி வாக்கியங்களைப் படித்தார். தாளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, “இது யூனிவர்சிட்டிம்மா. ஆட்டோ ஸ்டாண்ட் இல்ல,” என்றார்.

அவளுடைய அப்பா ஆட்டோதான் ஓட்டுகிறார். அது பேராசிரியருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வெளியே வந்ததும் தோழி தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். எனக்குக் காதெல்லாம் சூடாகியிருந்தது. அவர் கூடாது என்று சொல்லவில்லை, அதனால் செய்கிறோம், உன் பெயர்தான் முதலில் வரும் என்றேன். நண்பன் இன்டர்னல் மார்க்கை நினைத்து முனகினான். ஆனால் விலகவில்லை.

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் வாக்கிங் வருகிறவர்களை நிறுத்திக் கேட்டோம். செய்தித்தாள் தலையங்கத்தைக் காட்டினால் பாதி வார்த்தையிலேயே மீதியைச் சொன்னார்கள். தோழியின் வாக்கியம் ‘இன்னா சொல்லிகினு கீற’. அதில் ‘இன்’ வரை காட்டினோம். ‘று’ என்றார்கள், ‘னு’ என்றார்கள், ‘ப’ என்றார்கள். ‘னா’ என்று நாங்கள் சொன்னதும் ஒருவர் இதெல்லாம் தமிழே இல்லை என்று கோபமாக நடையைக் கட்டினார். அவள் சந்தில் நேர் எதிர். தலையங்கத்தில் தடுமாறியவர்கள் ‘இன்’ என்றதுமே ‘னா’ என்றார்கள். எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பாஷையில் ஒன்றும் குறைவில்லை. கேட்கிறவருக்கு எது பழக்கமோ அதைப் பொறுத்துத் தகவல் கூடுகிறது, குறைகிறது. இரண்டு இடங்களின் வரைபடங்களையும் அருகருகே போட்டோம்.

தாம்பரத்தில் பிரிண்ட் கடையில், தலைப்பாக ‘இன்னா சொல்ற?’ என்று போடச் சொன்னேன். எழுத்தை இன்னும் பெரிதாக்குங்கள் அண்ணா என்று கடைக்காரரிடம் சொன்னது, முனகிக்கொண்டே வந்த அந்த நண்பன்.

வெளியாட்களும் பார்க்க வரும் போஸ்டர் நாளன்று எங்களுக்குக் கிடைத்த இடம் மாடிப்படிக்குப் பக்கத்து மூலை. பேராசிரியர் வந்தார். வரைபடங்களை நிதானமாகப் பார்த்தார். கணக்கு சரிதான், ஆனால் இந்த மாதிரி பாஷையை வெளியாட்கள் முன்னால் வைப்பதா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தோழி முந்திக்கொண்டாள்.

“சார், போஸ்டர்ல இருக்கறது உங்களுக்குப் புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது.”

“அப்புறம் இன்னா சார்?”

பக்கத்துப் போஸ்டருக்கு அருகில் நின்ற பின் பெஞ்ச்காரர்கள் சிரிக்கவில்லை. பேராசிரியர் அடுத்த குழுவுக்குப் போய்விட்டார்.

பிரசன்டேஷன் மார்க்கில் கை வைத்திருந்தார். போய்க் கேட்டேன். விதிமுறை என்றார். எந்த விதிமுறை, காட்டுங்கள் சார் என்றேன். கம்ப்யூட்டரில் அடுத்த குழுவின் மார்க்கைப் பதிய ஆரம்பித்தார். மார்க் மாறவில்லை.

தோழி அதற்குப் பிறகு வகுப்பில் சந்தேகம் கேட்க ஆரம்பித்தாள், வீட்டில் பேசுகிற மாதிரியே. பின் பெஞ்சில் ஒருவன் ஒருமுறை பழைய வேலையைக் காட்டினான். அவள் திரும்பி, பாதியில் நிறுத்தாமல் வாக்கியத்தை முழுசாகச் சொல்லு, கேட்போம் என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பின்னால் ஒரு வேலை இன்டர்வியூவில், இந்த ஒரு பாடத்தில் மட்டும் ஏன் கிரேடு குறைவு என்று என்னைக் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். குரலைத் தாழ்த்திக்கொள்ளாமல்தான் சொன்னேன்.