அலமாரியில் இல்லாத துப்பாக்கி

"என் கோட்டெல்லாம் எண்ணெய் நாத்தம் அடிக்குது வெர்னி. அந்தச் சனியனை எடுத்து வேற எங்கயாவது வை."

கல்யாணமாகி வந்ததிலிருந்து ஹுல்டா இதைச் சொல்லாத நாளில்லை. சனியன் என்றது மாமனாரின் கார்பைன் துப்பாக்கியை. துணி அலமாரியில் அவளுடைய சர்ச் கோட்டுக்கும் புருஷன் வெர்னரின் மழைக்கோட்டுக்கும் நடுவே, வாடகை கொடுக்காத ஆள் மாதிரி நின்றுகொண்டிருக்கும். குண்டை உள்ளே தள்ளிச் சுட வைக்கிற அதன் போல்ட் மட்டும் தனியாகச் சமையலறை இழுப்பறையில் கிடக்கும். துப்பாக்கி ஒரு இடம், போல்ட் ஒரு இடம் என்பது எங்கள் ஹின்டர்எக் கிராமத்தில் எல்லா வீட்டு வழக்கமும்தான். ஆனாலும் கரண்டி தேடும்போது இரும்பு கையில் இடித்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

மாமனாருக்கு அது கிடைத்தது உலகச் சண்டை நடந்தபோது. ரைன் நதிக்கரைப் பனியில் எல்லையைக் காத்துக்கொண்டு நின்றார், ஒரு குண்டுகூடச் சுடவில்லை. வயதானதும் ராணுவம் அதை அவருக்கே கொடுத்துவிட்டது. எல்லைக் காவலுக்குப் போன துப்பாக்கி, அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் பலகையைச் சுட்டது. இங்கே ஆண்பிள்ளை எல்லாருக்கும் ராணுவச் சேவை உண்டு, துப்பாக்கியும் வீட்டுக்கு வரும்; வெர்னருக்குக் கொடுத்தது கனமான புது ரகம். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் அப்பாவின் கார்பைனையே வைத்துக்கொண்டார். மகன் ரேட்டோவோ தன் துப்பாக்கியை வீட்டுப் பக்கமே கொண்டுவரவில்லை. பெண்டாட்டி வேண்டாம் என்றாளாம், ராணுவக் கிடங்கிலேயே விட்டுவிட்டான்.

"அவ ஒரு தடவை சொன்னா அவன் கேக்குறான். எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்" என்பாள் ஹுல்டா.

போன வருஷம் இலையுதிர்காலத்தில் மாடுகளை விற்றார்கள். வெர்னருக்கு இடுப்பெலும்பு தேய்ந்து நடக்க முடியவில்லை. அன்றிலிருந்து மனிதர் சீட்டாடப் போகவில்லை. வெறும் தொழுவத்தில் போய் உட்கார்ந்திருப்பார். சூப் ஆறிப்போகும். அந்தக் குளிரில்தான் மேல்பண்ணை உவேலி தன் வீட்டுத் துப்பாக்கியாலேயே தன்னை முடித்துக்கொண்டான். இழவுக் காப்பி குடிக்கும்போது வெர்னர் ரொட்டியைப் பிய்த்தபடி, "அவனுக்கு இனிமே காலையில எழுந்திரிக்கிற தொல்லை இல்ல" என்றார்.

ஹுல்டா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

மார்ச்சில் இடுப்பு அறுவைக்கு அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாளே அவள் கார்பைனைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

"என்ன ஹுல்டா, மான் வேட்டைக்கா?" என்றான் டிரைவர்.

"ஆமா, உன்னை மாதிரி ரெண்டு கால் மான். வண்டிய ஓட்டு."

வேண்டாத துப்பாக்கியைப் போலீஸில் கொடுத்தால் கேள்வி கேட்காமல் வாங்கி உருக்கிவிடுவார்கள். போலீஸ்காரர் அதைத் தடவிப் பார்த்தார். "அருமையான சாமான்மா. போல்ட் எங்க?"

"காணல."

போல்ட் இழுப்பறையில்தான் இருந்தது. ஒரே நாளில் இரண்டையும் தூக்கிக்கொண்டு வர அவளுக்கு மனசு வரவில்லை.

வினை என்னவென்றால், வெர்னர் புது இடுப்போடு புது ஆளாகத் திரும்பி வந்தார். விசில் அடித்தார். இரண்டு தட்டு உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டார். சனிக்கிழமைதோறும் மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, போல்ட்டைப் பிரித்து எண்ணெய் போட்டார். குழாயைப் போட்டிக்கு முதல் நாள் துடைத்தால் போதும் என்பார்; அலமாரியிலிருந்து மழைக்கோட்டை எடுத்துக் கொடுப்பதை அவளே பார்த்துக்கொண்டாள்.

"மே மாசம் ஊர்ச் சுடுபோட்டி வருதுல்ல, இந்தத் தடவை இலைமாலை பொறிச்ச பதக்கம் எனக்குத்தான் பாரு. அப்பா இருந்தா சிரிச்சிருப்பார்."

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். இல்லாத துப்பாக்கிக்கு மனிதர் எண்ணெய் போடுகிறார், பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. எதிர்வீட்டு விதவையிடம் அதே ரகத் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதை வாங்கி வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் போல்ட்டிலும் குழாயிலும் ஒரே எண் பொறித்திருக்கும். குருடன்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

போட்டிக்கு முதல் நாள் அவர் அலமாரியைத் திறக்கப் போனபோது அவள் குறுக்கே நின்றாள்.

"அது அங்க இல்ல. போலீஸ்ல குடுத்துட்டேன்."

"ஏன்?"

வாய் தானாகவே பழகிய தடத்தில் ஓடிவிட்டது. "நாத்தம் வெர்னி. தாங்கல."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "என் தப்புதான். எத்தனை வருஷமா சொல்ற. நான் அப்பவே எடுத்து வெச்சிருக்கணும்" என்றார்.

அவர் கத்தியிருந்தால் தேவலை.

போட்டி மைதானத்தில் ஹுல்டா வாட்டிய தொத்திறைச்சி விற்றுக்கொண்டிருந்தாள். வெர்னர் கை வீசிக்கொண்டு வந்ததைப் பார்த்து ஒவ்வொருத்தனும் துப்பாக்கி எங்கே என்று கேட்டான். அவரும் ஒவ்வொருத்தனிடமும், "அவ பாவம், பொறுத்துப் பொறுத்துப் பார்த்தா. நான்தான் கேக்காத ஜென்மம்" என்று சொல்லிச் சிரித்தார். போட்டி நடத்தும் சங்கத்தின் துப்பாக்கியைத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டார். இறைச்சி கருகுவதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்புகிற ஏற்றத்தில் அவள் நின்றாள்.

"நாத்தத்துக்காக இல்ல."

"பின்ன?"

"உவேலி சாவுல நீ ஒண்ணு சொன்ன. அதுல இருந்து நீ தொழுவத்துக்குப் போனாலே எனக்குக் காது அங்கயே இருக்கும். உன்னை நெனச்சுத்தான் பயந்தேன்."

வெர்னர் அவளைப் பார்க்கவில்லை. "என்னைப் பத்தியா அப்படி நெனச்ச?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் நடந்தார். வீட்டுக்கு வந்ததும் இழுப்பறையைத் திறந்து போல்ட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "இதையும் குடுத்துடு."

அவள் கொடுக்கவில்லை. அது ஜன்னல் மாடத்தில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு பேரும் தொடுவதில்லை. உப்பு எடு, கதவைச் சாத்து என்ற அளவில் பேச்சு நடக்கிறது. அவர் நிஜமாகவே அப்படி நினைத்திருந்தாரா, இல்லையா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. நினைத்திருந்தால் அவள் காப்பாற்றியவள். இல்லையென்றால் கட்டினவனைச் சந்தேகப்பட்டு அவன் அப்பாவின் சொத்தை உருக்கக் கொடுத்தவள். எது என்று தெரியாமலே காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

ஹின்டர்எக் பக்கம் வந்தீர்களானால் ஒரு நடை போய் அவர்களைப் பாருங்கள். பஸ் நிறுத்தத்துக்கு மேலே, பச்சை ஜன்னல் வீடு. மதியத்துக்குமேல் இருப்பார்கள். நல்லதுக்குத்தானே செய்தாய் என்று ஹுல்டாவுக்கு ஆறுதல் சொல்லாதீர்கள், அது ஏற்கெனவே ஊரே சொல்லிப் புளித்துப்போனது. வெர்னரிடம் பேச்சுக் கொடுங்கள். அந்த மனிதர் ஒரு தடவை வாய்விட்டு அவளைத் திட்டிவிட்டால் போதும். நாங்கள் சொல்லி எடுபடவில்லை. புது முகம் யாராவது போங்கள்.