கதவோர ஸ்டூல்

நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிற நோயை எங்கள் டாக்டரம்மா பாதிதான் நம்புவார். மீதி கதவுப் பக்கத்தில் வரும் என்பார். உண்மைதான். இருமல் என்று வருவார்கள், மருந்துச் சீட்டை வாங்குவார்கள், கதவில் கை வைத்த பிறகு, "அப்புறம் டாக்டர், இன்னொண்ணு..." என்று இழுப்பார்கள். அந்த இன்னொண்ணுதான் வந்த காரியமே. படுக்கையறை விஷயம் என்றால் நேருக்கு நேர் உட்கார்ந்து யாருக்கும் வாய் வராது. சுவரைப் பார்த்துக்கொண்டுதான் வரும். நின்றுகொண்டே எவ்வளவு நேரம் மென்று விழுங்குவார்கள் என்று, டாக்டரம்மா கதவோரம் ஒரு மர ஸ்டூலைப் போட்டார்.

நான் அங்கே நர்ஸ். ஸ்டூல் நல்ல யோசனைதான், ஆனால் கதவைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை, நானும் சேர்த்துத்தான். எங்களுடையது ஆடுகிற பாதிக் கதவு. கீழே முழங்கால் உயரத்துக்குத் திறந்தே கிடக்கும். ஸ்டூலில் யார் உட்கார்ந்தாலும் தெருச் சத்தத்தில் பேச்சு வெளியே கேட்காது, கால் மட்டும் காத்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஸ்டூல் எதற்கென்று தெரிந்த எங்கள் தெருவுக்குச் செருப்பைப் பார்த்தால் போதாதா? தையல்கடைக்காரர் மூட்டுவலிக்கு வந்தவர், பாவம், செருப்பு வாரைப் போட அதில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தார். வெளியே வந்ததும் மளிகைக்கடைக்காரர் அவர் தோளைத் தட்டி, "கவலைப்படாதீங்க அண்ணே, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். அதற்குப் பிறகு அந்த ஸ்டூலில் ஈ காக்கா உட்காரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெரு வழியாகப் பஸ் ஓட்டும் டிரைவருக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. கறுப்பு பூட்ஸ், அதில் இடது காலுக்கு மட்டும் சிவப்பு லேஸ். ஊரில் அந்தக் காலைத் தெரியாதவர் கிடையாது.

"மாத்திரை தினமும் போடுறீங்களா?"

"போடுறேன் டாக்டர்."

போட்டால் இறங்க வேண்டுமே! அடுத்த மாதம் டிப்போவில் உடல் பரிசோதனை. அப்போதும் இறங்கவில்லை என்றால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். பஸ் ஓட்டாத அந்த மனிதரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இதற்கிடையில் அவர் மனைவி தொண்டை வலி என்று வந்து என் மேஜையருகே அழுதுவிட்டார். "இப்பல்லாம் அவர் ஹால்லதான் படுக்கிறாரு அக்கா. அங்கதான் ஃபேன் காத்து நல்லா வருதாம். இத்தனை வருஷமா வராத காத்தா? அவர் மனசுல வேற யாரோ இருக்காங்க. டாக்டரம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, என்னால சொல்ல முடியாது."

எனக்கு டிரைவர் மேல் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டரம்மாவிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவர் பாட்டுக்குப் பேனாவை மூடிவிட்டு, "ஹாலுக்கு எப்பப் போனாராம்?" என்றார். சொன்னேன். "மாத்திரையை எப்ப ஆரம்பிச்சோம்?" என்றார். அதையும் சொன்னேன். இரண்டும் ஒரே மாதம். அப்புறம்தான் எனக்கே உறைத்தது.

"தப்பு என்னுதுதான்" என்றார் டாக்டரம்மா. "மாத்திரை எழுதும்போதே நான் கேட்டிருக்கணும். அவங்களே வாயைத் திறக்கட்டும்னு ஸ்டூலைப் போட்டுட்டு நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கேன் பாரு."

"அந்த ஸ்டூலைத் தூக்கிக் கடாசிடலாம்மா."

"கடாசறதா? இனிமே எல்லாரும் அதுலதான் உட்காரணும்."

மறுநாளே பிரஷர் பார்க்கும் கருவி ஸ்டூலுக்குப் பக்கத்துச் சுவருக்கு இடம் மாறியது. முதல் ஆளாக வந்து மாட்டியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கதவுக்குக் கீழே அவருடைய வெள்ளைச் செருப்பைப் பார்த்ததும் வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. பசி எப்படி, தூக்கம் எப்படி, சிறுநீர் எப்படி, வீட்டுக்காரரோடு உறவு எப்படி என்று டாக்டரம்மா ஒரே குரலில் கேட்டுக்கொண்டே போனார். "எந்தக் குறையும் இல்ல" என்றார் தலைமையாசிரியை, கொஞ்சம் பெருமையாகவே. வெளியே வந்து, "என்ன பார்வை? பிரஷர் பார்த்தாங்க!" என்று ஓர் அதட்டல். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மளிகைக்கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

அந்த வாரத்துக்குள் தெருவில் எல்லாச் செருப்பும் அங்கே வந்துபோய்விட்டது. யார் எதற்கு உட்கார்ந்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியாமல் பெஞ்சுக்கு அலுத்துப்போனது. பிறகு சிவப்பு லேஸ் வந்தது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா கைப்பட்டையைச் சுற்றிக்கொண்டே, "இந்த மாத்திரை போடுற ஆம்பளைங்க சில பேருக்குப் படுக்கையில சிரமம் வரும். உங்களுக்கு எப்படி?" என்றார், பசியைக் கேட்ட அதே குரலில்.

டிரைவர் சுவரைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார்.

"மாத்திரையாலயா டாக்டர்? எனக்கு வயசாயிடுச்சுன்னு இல்ல நினைச்சேன்!"

"இந்த பிரஷராலயும் வரலாம். நீங்க மாத்திரையை நிறுத்திட்டீங்க, இல்லையா?"

"நிறுத்திட்டேன்." குரல் இறங்கிவிட்டது. "அப்பவும் பயத்துல கிட்டப் போகல. மறுபடி அவ முன்னாடி அவமானப்படறதைவிட ஹாலே மேல்னு தோணுச்சு."

"வீட்டுல சொன்னீங்களா?"

"எப்படி டாக்டர் சொல்றது?"

"இப்ப என்கிட்ட சொன்னீங்களே, அப்படித்தான். வேற மாத்திரை தரேன், கேட்காம நிறுத்தாதீங்க. அவங்க உங்க மனசுல வேற ஆள் இருக்குன்னு நினைச்சிட்டா என்ன பண்ணுவீங்க?"

அவர் பேயறைந்தவர் போல என்னைப் பார்த்தார். நான் பஞ்சை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

டிப்போ பரிசோதனையில் தேறிவிட்டார். இதையெல்லாம் நான் ரகசியம் காக்க வேண்டியதே இல்லை. இப்போது டிப்போவில் அவரே மற்ற டிரைவர்களைப் பிடித்துவைத்து, "உனக்கு எப்படி?" என்று கேட்கிறாராம். டாக்டரம்மாவின் அதே குரலிலாம்.

போன வாரம் அவர் மனைவி வந்தார். தொண்டை வலி இல்லை, ஒன்றும் இல்லை. நான் சொல்லாமலே ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினார். டாக்டரம்மா பசியைக் கேட்டார், தூக்கத்தைக் கேட்டார். அடுத்ததைக் கேட்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"ஹால்ல இருந்த ஃபேனைக் கழட்டி எங்க ரூம்ல மாட்டிட்டாரு டாக்டர்."