தெரிந்தால் வலது கை

பயம் எங்கள் வீட்டில் பங்கு பிரிக்காத சொத்து. அம்மாவுக்கு இடி என்றால் பயம், எனக்குக் கணக்கு டீச்சர் என்றால் பயம். அப்பா மட்டும் விதிவிலக்கு. அவருடைய பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு பிறந்தவர் அவர் தம்பி, என் சித்தப்பா. அப்படிப்பட்டவர்தான் பி.எட். படிக்கப் போனார். நாளைக்கு ஒரு வகுப்பையே கட்டி மேய்க்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. இன்று சிதம்பரத்தில் நானும் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறேன், அதனால் அவரைக் கேலி செய்ய எனக்குப் பாதி உரிமைதான் உண்டு.

பயிற்சிக்கென்று கடலூரில் என் பள்ளிக்கே, என் ஆறாம் வகுப்புக்கே வந்து சேர்ந்தார். பாடம் நன்றாகத்தான் சொல்வார். ஆனால் அவர் வாயைத் திறந்ததும் வகுப்பு மீன் மார்க்கெட் ஆகிவிடும். அவர் சொல்லும் ‘சைலன்ஸ்’ முதல் பெஞ்சைத் தாண்டாது. போன வருடம் வேறொரு பள்ளியில் அவர் வகுப்பைப் பார்க்க வந்தவர், ‘கிளாஸ் கன்ட்ரோல் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போனதில் சித்தப்பா தேறவில்லை. அப்பா அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“அடுத்த வாட்டியும் கோட்ட விட்டீன்னா, மரியாதையா போட்டுக்கு வந்துடு.”

தேவனாம்பட்டினத்தில் இருந்தது அப்பாவின் மீன்பிடி போட். சுனாமி வந்த நாளிலிருந்து சித்தப்பா கடற்கரை மணலில்கூடக் கால் வைத்ததில்லை. அப்பா அப்படிச் சொன்ன ராத்திரி அவர் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

அண்ணாமலை நகரில் அவருடன் தங்கிப் படித்த நண்பர்தான் போனில் வழி சொன்னார். “மச்சான், கேள்வி கேட்டா மொத்த கிளாஸும் கை தூக்கணும். தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. நீ வலது கையா பாத்து எழுப்பு. புள்ளைங்க அத்தனயும் ஒங் கைக்குள்ள இருக்கிற மாதிரி தெரியும்.”

பாடத்தைக் காதில் வாங்காத எங்கள் வகுப்பு இதை மட்டும் பயபக்தியோடு கற்றுக்கொண்டது. வீட்டில் பீரோ கண்ணாடி முன்னால் தனி ஒத்திகை வேறு. சித்தப்பா கண்ணாடியைப் பார்த்துக் கேள்வி கேட்பார். நான் பக்கத்தில் நின்று வலது கையைத் தூக்குவேன். கண்ணாடியிலும் அந்தக் கை அவருடைய வலப்பக்கமாகவே தெரியும். அதை வைத்தே அவர் பழகிக்கொண்டார். விபரீதம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது, எங்கள் இருவருக்கும்தான் தெரியவில்லை.

மேற்பார்வைக்குச் சிதம்பரத்திலிருந்து வந்த மேடம் கடைசி பெஞ்சில் ஃபைலோடு உட்கார்ந்தார். சித்தப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கையில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

“காந்தத்துல ஒரே துருவத்த ஒண்ணோட ஒண்ணு கிட்ட கொண்டுபோனா என்ன ஆவும்?”

அத்தனை கைகளும் எழுந்தன. சித்தப்பா கண்ணாடியைப் பார்ப்பது போலவே எங்களைப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் வலது கை தனக்கு இடப்பக்கம் தெரியும் என்பது அந்த நடுக்கத்தில் அவருக்கு உறைக்கவில்லை. முதலில் அவர் எழுப்பிய பையன் இடது கையைத் தூக்கியிருந்தவன். அவன் கூரையைப் பார்த்தான். அடுத்து எழுந்தவளும் இடது கைதான்; அவள் தரையைப் பார்த்தாள். மூன்றாமவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது. ‘சித்தப்பா, அந்தக் கை இல்ல!’ என்று கத்த வேண்டும் போலிருந்தது. பள்ளியில் உறவு சொல்லக் கூடாது, சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். நிற்காமல் போகும் பஸ்ஸை நிறுத்துகிறவள் மாதிரி வலது கையை ஆட்டினேன். அவர் கண்ணுக்கு நான் படவேயில்லை. என் கண்ணுக்கோ அவர் நடுக்கடலில் போட்டில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

மேடம் எழுந்து முன்னால் வந்தார். “சார், நான் ஒண்ணு கேக்கட்டுமா?” என்றவர் எங்கள் பக்கம் திரும்பினார். “எம் பேரு என்னன்னு தெரிஞ்சவுங்க கை தூக்குங்க, பாப்போம்.”

அவர் பெயரை யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. பழகிய வகுப்பு தயங்கவில்லை. எல்லாக் கைகளும் எழுந்தன, எல்லாமே இடது கைகள். என்னுடையதும்தான்.

சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். மேடம் அந்தக் கைகளையே வெகுநேரம் பார்த்தார். அந்த வகுப்பு முழு அமைதியாக இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கைகளை இறக்கச் சொல்லிவிட்டு, ஃபைலில் ஏதோ எழுதிக்கொண்டு வெளியே போனார்.

சித்தப்பா வராந்தாவில் அவர் பின்னாலேயே ஓடினார். நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

“மேடம், இத்தன புள்ளைங்கள எப்பிடித்தான் மேடம் அடக்குறது?” அவர் குரல் அழுதுவிடும் போலிருந்தது.

மேடம் ஃபைலை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டார். இடது கையை, நாங்கள் வகுப்பில் தூக்கியது போலவே தலைக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார்.

‘போதும், நீ போ’ என்று கைகாட்டிவிட்டார் என்று நினைத்தேன். எல்லாம் முடிந்தது. சாயங்காலம் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து, “போட்டுக்குப் போவாத சித்தப்பா” என்று அவர் முதுகில் முகத்தை வைத்து அழுதேன். அவர் ஹேண்டில்பாரிலிருந்து இடது கையை எடுத்து உயரத் தூக்கினார். சைக்கிள் தள்ளாடியது. சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதே கையைத் தூக்கினார், மறுபடியும் சிரித்தார். பயத்தில் சித்தப்பாவுக்கு மூளை கலங்கிவிட்டது, இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வேன் என்று கேரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னும் பலமாக அழுதேன்.