அத்தர் பூசிக்கொண்டு பெண் பார்க்கப் போனேன்

யுத்தம் முடிந்து, சுதந்திரம் இன்னும் வராமல் இருந்த காலம். அருப்புக்கோட்டையில் ஒரு பருத்தி அரவை மில்லில் எடை போடும் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். தகப்பனார் இல்லை, தாய்மாமாதான் எனக்கு எல்லாம். சம்பளம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் மிடுக்குக்குக் குறைச்சல் கிடையாது. சலவை வேட்டி, சில்க் ஜிப்பா, படிய வாரிய கிராப்பு. இதற்கெல்லாம் மேலே வெட்டிவேர் அத்தர்.

மதுரைக்குப் போயிருந்தபோது ஒரு அத்தர் கடையில் பிடித்த பைத்தியம் அது. கடைக்காரர் ரோஜா, மல்லிகை என்று என்னென்னவோ காட்டினார். எல்லாமே கல்யாண வீட்டு வாசனையாக இருந்தது. கடைசியாக ஒரு சின்னக் குப்பியைத் திறந்து என் புறங்கையில் தடவி, "இது ஆம்பளைங்க வாசனை தம்பி" என்றார். முதலில் மரிக்கொழுந்தைக் கசக்கின மாதிரி பச்சையாக மூக்கில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பச்சை அடங்கி, ஈர மண்ணும் புதிதாக அறுத்த மரமும் கலந்த ஒரு மணம் உடம்போடு ஒட்டிக்கொண்டது. சாயந்தரம் வரை போகவே இல்லை. எங்கள் கரிசல் பூமி வருஷத்தில் பாதி நாள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த ஊரில் ஒருத்தன் மேல் மழை பெய்த வாசனை வந்தால் அவன் தரையில் நடப்பானா?

அதிலிருந்து தினமும் மில் பஞ்சில் ஒரு துளி நனைத்துக் காது மடலில் செருகிக்கொள்வேன். "ஏலே, கணக்கப்பிள்ள வாராருன்னு மூக்கு சொல்லுதுலே" என்று பொதி இறக்குகிறவர்கள் கேலி பேசுவார்கள். கேலிதான், ஆனாலும் உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

அந்த வருஷம் தை மாதம் திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்குப் பெண் பார்க்கப் போனோம். மாமா, அத்தை, நான். வில்வண்டியில் பயணம். பெண்ணின் தகப்பனார் போன சித்திரையில் தவறிவிட்டார். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் கல்யாணம் முடிக்க வேண்டும், இல்லையென்றால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் பெண்ணின் தாயார் அவசரத்தில் இருந்தார். அவசரம் என்றால் நமக்கு இன்னும் மரியாதை கிடைக்கும் என்று மாமா கணக்குப் போட்டார். நான் அன்றைக்கு அத்தரைக் கொஞ்சம் தாராளமாகவே பூசிக்கொண்டேன். ஜிப்பாவின் கழுத்தில் கூடத் தடவினேன்.

அந்தப் பெண் காப்பித் தட்டோடு உள்ளே இருந்து வந்தாள். நிலைப்படி தாண்டும்போது ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பயந்த பார்வை இல்லை. ஆளை அளந்து பார்த்து, பரவாயில்லை என்று முடிவு செய்கிற பார்வை. உதட்டோரம் சிரிப்பு இருந்தது என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

மாமாவுக்குக் கொடுத்தாள், அத்தைக்குக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முகம் வெளுத்தது. தட்டு சரிந்து காப்பி என் வேட்டியில் கொட்டியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். புறவாசல் பக்கம் அவள் ஓங்கரித்து வாந்தி எடுக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

தாயார் பின்னாலேயே ஓடினார். அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "என்ன சீக்கோ, என்ன காத்துக் கருப்போ. நல்லவேளை, முன்னாடியே தெரிஞ்சது."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டு, "எந்திரிடா" என்றார். ஒரு நிமிஷம் இருந்து பார்ப்போம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் என் மனசுக்குள் ஓடியது வேறு. என் மூஞ்சியைப் பக்கத்தில் பார்த்ததும் ஒரு பெண்ணுக்குக் குமட்டுகிறதா? அந்த ரோஷத்தில் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். எழுந்து மாமா பின்னாலேயே போய் வண்டியில் ஏறினேன். சம்மதம் ஆகாத வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று, அத்தை தான் பாதி குடித்திருந்த காப்பியைக் கூட அப்படியே வைத்துவிட்டு வந்தார்.

ஊருக்கு வந்த பிறகு அத்தையின் வாய் சும்மா இருக்குமா? 'அந்தப் பிள்ளைக்குக் காத்துச் சேட்டை' என்ற பேச்சு நாலே நாளில் சுற்று வட்டாரச் சந்தைக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் அதைப் பரப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

பங்குனியில் பருத்தி வரத்து மும்முரம். மில் வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு வண்டிக்காரர் பொதியைத் தராசில் ஏற்றும்போது நான் பக்கத்தில் போனேன். அவர் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கணக்கப்பிள்ளே, கோவிச்சுக்கிடாதீக. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இந்த வாசனை எனக்கு ஆகாது."

"ஏன், ஒமக்கு என்ன செய்யுது?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"போன சித்திரையில எங்க ஊருக்காரர் ஒருத்தர் மதுரை ஆஸ்பத்திரியில செத்துப் போனாரு. கரியில ஓடுற பஸ்ஸுல பொணத்தை ஏத்த மாட்டேன்னுட்டாக. என் வண்டியிலதான் கொண்டாந்தேன். வெயிலுன்னா வெயிலு, அப்பிடி வெயிலு. வழியில நாறிப் போகும்னு யாரோ இந்த அத்தரை ஒரு குப்பி பூராவும் மேல ஊத்திவிட்டாக. காரியாபட்டி தாண்டவும் அந்த வாடையும் இந்த வாடையும் ஒண்ணாக் கலந்துருச்சு. நானாச்சும் முன்னாடி உக்காந்து மாட்டை ஓட்டினேன். அவரு மக, பாவம், தகப்பன் தலையை மடியில வச்சுக்கிட்டு ஊரு வர வரைக்கும் அசையாம உக்காந்து வந்துச்சு."

எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார். நாங்கள் பெண் பார்க்கப் போன அதே ஊர்தான். காதிலிருந்த பஞ்சை எடுத்து எறிந்துவிட்டு, தொட்டியில் தலையை முக்கி முக்கிக் கழுவினேன். பார்த்தவர்கள் எனக்குத்தான் காத்துக் கருப்பு என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, மாமாவிடம் சொல்லாமல், திருச்சுழி வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து நடந்தேன். மாமா என்ன, யார் தடுத்தாலும் இந்தப் பெண்தான் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனேன். வருஷம் திரும்ப இன்னும் நாள் இருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தது.

தாயார் வாசலில் பருத்தி விதை காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றார். வண்டிக்காரர் சொன்னதை நான் சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசவில்லை.

"மாசி கடைசியில கல்யாணம் முடிஞ்சிருச்சு தம்பி" என்றார் பிறகு. "பந்தல்குடியில. ரெண்டாந்தாரம். அவுகளுக்கு மூத்த தாரத்துப் பிள்ளைக இருக்கு. ஊருல அப்பிடி ஒரு பேச்சு கெளம்பின பெறகு ஒங்க வீட்டுக்கு எந்த மொகத்தோட ஆள் அனுப்ப? வேற யாருதான் வருவா? வருசத்துக்குள்ள முடிக்கணுமில்ல."

போய்வருகிறேன் என்று கும்பிட்டேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"அன்னைக்கு உள்ள ஓடியாந்து வாயைக் கொப்புளிச்சுட்டு எம்மக என்ன சொன்னா தெரியுமா? 'ஆத்தா, அவுக நல்லாத்தான் இருக்காக. எனக்குச் சம்மதம். அந்த வாசனையை மட்டும் கழுவிட்டு வரச் சொல்லு, அய்யா நெனப்பு வந்து கொல்லுது'ன்னா. மாப்பிள்ளை வீட்டுக்காரகட்ட இதை எப்பிடிச் சொல்றதுன்னு நான் கொஞ்சம் மலைச்சு நின்னுட்டேன். செம்புல தண்ணி மோந்துக்கிட்டு வாசலுக்கு வாரேன், ஒங்க வண்டி தெரு முக்குத் திரும்புது."

திரும்பி வருகிற வழியில் காட்டுக்குள் ஒரு இடத்தில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண்ணைப் பிறகு நான் பார்க்கவே இல்லை. நன்றாக இருந்தாளா, இல்லையா, தெரியாது. விசாரிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

எனக்கும் கல்யாணமாகிப் பிள்ளை குட்டிகள் உண்டு, குறையொன்றும் இல்லை. ஆனாலும் எதிரே இருக்கிறவர் முகம் சுளித்தால் அது நம்மைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொள்ளும் ஆணவம் எவ்வளவு பொல்லாதது என்பது எனக்குத் தெரியும். 'கொஞ்சம் இருங்க மாமா, அந்தப் பிள்ளைக்கு என்னன்னு கேட்டுட்டுப் போவோம்' என்று அன்று சொல்லாமல் விட்ட வார்த்தையை இத்தனை காலமாக மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். கேட்க வேண்டியவள் பந்தல்குடிக்குப் போய்விட்டாள்.