மார்லிஸ் உட்கார்ந்த வருடம்

மார்லிஸ் ட்வெட் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் கோதுமை பயிரிடும் வீட்டுப் பெண். ஆறடி உயரம், கூடைப்பந்தில் கெட்டிக்காரி. "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்லி அவளைத் தன் கல்லூரியில் சேர்த்த பயிற்சியாளர் புரூயிட், கூடுதல் சம்பளம் கிடைத்ததும் அயோவாவில் எங்கள் கல்லூரிக்கு வந்துவிட்டார். குடும்பம் என்றதை நம்பி அவளும் பின்னாலேயே வந்தாள்.

கல்லூரி மாறியவர்கள் ஒரு வருடம் போட்டிகளில் ஆடாமல் வெளியே உட்கார வேண்டும் என்பது அப்போதைய விதி. விதிகளுக்கான அதிகாரி அதை அன்பாகவே சொன்னார்.

"உன் படிப்பு கெடக்கூடாதுன்னுதாம்மா."

"எல்லாத்துலயும் நான் ஏ கிரேடு, சார்."

"அப்ப இன்னும் நல்லா படிக்கலாம்."

"கோச்சும்தானே மாறி வந்தாரு? அவரு உட்கார வேண்டாமா?"

"அவர் என்ன ஸ்டூடண்டா?"

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்களோடு பயிற்சி செய்தாள். போட்டி நாளில் ஸ்வெட்டரோடு பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டினாள். புரூயிட் டிவியில் விசுவாசத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். வசந்தம் வந்ததும் டெக்சாஸில் இன்னொரு கல்லூரிக்குக் கிளம்பினார். அன்றே அவளுக்குப் போன் செய்தார்.

"நீயும் வந்துடு கண்ணு. உனக்கு இடம் வச்சிருக்கேன்."

"வரேன் கோச். முதல்ல நீங்க அங்க ஒரு வருஷம் சும்மா உட்காருங்க."

போனை வைத்துவிட்டு அழுதாள். ஆனால் போகவில்லை.

நவம்பரில் முதல் போட்டி. புதிய பயிற்சியாளர் "ட்வெட், இறங்கு" என்றார். உட்கார்ந்தே பழகியவள், யாரைக் கூப்பிடுகிறார் என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.